கிடங்கு நிரம்பாத வீடும் பக்கத்து வளவுக் கிணறும்

அராலியான்:
யாழ்ப்பாணத்திலை ஆறு எண்டு சொல்ல இருக்கிறது வழுக்கையாறு ஒண்டுதான். அதுவும் மாரிக்கு மட்டும். தெல்லிப்பழைப் பக்கத்து வெள்ளம் கந்தரோடை, நவாலி எண்டு இறங்கி எங்கட அராலிப் பக்கத்துக் கடல்நீரேரியிலை விழும். முதல் மழைக்கு மதவடியிலை நிண்டு பாருங்கோ. செம்மண் நிறத்திலை வரவேண்டிய தண்ணி கறுத்து, சவர்க்கார நுரை கட்டி வரும். குஞ்சு மீனெல்லாம் மேலை வந்து வாயைப் பிளந்துகொண்டு நிக்கும். கழிவைத் தின்னுற நுண்ணுயிர் தண்ணியிலை கரைஞ்ச ஒட்சிசனையும் சேர்த்து முடிச்சுப்போடும், பிறகு மீன் எப்பிடி மூச்சு விடுறது? இன்னும் கொஞ்சம் மழை பெய்ய எல்லாம் கடலோடை போயிடும், சனமும் மறந்திடும். யாழ் நகரத்துக்கே கழிவுநீர்க் குழாய் இல்லை, வீட்டுக்கு வீடு மலகூடக் கிடங்குதான். நீங்கள் கண்டதை எழுதுங்கோ.

மேசன் தம்பி:
அண்ணை, ஆத்தை விடுங்கோ. கிடங்கு வெட்டுற ஆக்களைக் கேளுங்கோ. கோண்டாவில் பக்கம் ஒரு வளவிலை மலகூடக் கிடங்கு வெட்டினம். செம்மண் இடுப்பளவுகூட இல்லை, கீழை முருகைக்கல்லு. அலவாங்காலை இடிக்க ஒரு வெடிப்புத் திறந்துது, கை போற அளவு. சும்மா ஒரு வாளி தண்ணி ஊத்திப் பாத்தம். சத்தமே இல்லாமல் போட்டுது. வீட்டுக்கார ஐயாவுக்குப் புளுகம் தாங்கேல்லை. "நல்ல இடம் தம்பி, எங்கட காலத்துக்கு நிரம்பாது" எண்டார். எங்கட ஊரிலை அது ஒரு பெருமை, கிடங்கு இழுக்கிற பவுசர் வண்டிக்குக் காசு குடுக்காத வீடு எண்டு. அந்தக் கிடங்குக்கு நேர் எதிரிலை, வேலிக்கு அங்காலை, அடுத்த வீட்டுக் கட்டுக்கிணறு.

உரும்பிராய் ரீச்சர்:
தம்பி சொன்னது சரி. மணலோ களியோ எண்டால் மண் கொஞ்சம் வடிகட்டித் தரும். முருகைக்கல்லு எண்டுற இந்தச் சுண்ணக்கல்லிலை வெடிப்பும் பொந்தும், அதுக்குள்ளாலை தண்ணி ஓடியே போயிடும். கிடங்குக்கும் கிணத்துக்கும் 50 அடி விட்டால் போதும் எண்டு கணக்குச் சொல்லுற ஆக்களுக்கு இந்தக் கல்லு தெரியாது.

என்ரை மகளுக்குப் பிள்ளை பிறந்த நேரம் எங்கட கிணத்துத் தண்ணியைச் சோதிக்கக் குடுத்தம். நைத்திரேற்று கூட எண்டு வந்துது. உலக சுகாதார நிறுவனம் வைச்ச எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். மலசலத்திலை இருக்கிற நைதரசன் மண்ணுக்குள்ளை மாறி நைத்திரேற்றாய் வாறது. வெங்காயத் தோட்டத்துக்குப் போடுற யூரியாவும் சேரும், பழியைக் கிடங்கிலை மட்டும் போடேலாது. "கொதிக்க வைச்சுக் குடுப்பம்" எண்டு சம்மந்தி அம்மா நிண்டா. கொதிக்க வைச்சால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் தடிக்கும். குளோரின் போட்டாலும் அதே கதைதான். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணியிலை பால்மா கரைச்சால் இரத்தம் ஒட்சிசன் காவாமல் உடம்பு நீலம் பாரிக்கும். விளங்கப்படுத்தவே ஒரு பின்னேரம் போச்சுது.

ஈஸ்ட்ஹாம் மருமகன்:
நான் இருக்கிற இடத்திலை பின்னேரம் நடக்கப்போற பாதைக்குப் பேர் கிறீன்வே. அதுக்குக் கீழைதான் லண்டன்ரை பழைய பெரிய கழிவுக் குழாய் பெக்ரன் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகுது. காத்து மாறி அடிச்சால் யன்னல் சாத்தவேணும்!

1858 கோடையிலை தேம்ஸ் நாறின நாத்தத்துக்குப் பாராளுமன்றத் திரைச்சீலையளை பிளீச்சிங் பவுடர் கரைசலிலை தோய்ச்சவை. பிறகு பசல்ஜெட் எண்ட பொறியியலாளர் குழாய் போட்டு ஊத்தையை நகரம் தாண்டி ஆத்தின்ரை கீழ்ப்பக்கத்துக்குக் கொண்டுபோனார், அவ்வளவுதான். ஊத்தை ஆத்திலைதான். 1957லும் தேம்ஸ் செத்த ஆறு எண்டுதான் சொன்னவை. நிலையங்களைத் திருத்தி, காத்து ஊதி நுண்ணுயிரை வளர்த்துக் கழிவைத் தின்னப்பண்ணின பிறகுதான் மீன் திரும்பினது. 1974இலை சமன் மீன் ஒண்டு பிடிபட்டது பெரிய செய்தி. மழைத்தண்ணியும் கழிவும் ஒரே குழாய் எண்டபடியால் பெருமழைக்கு இங்கயும் ஆத்துக்கை வழிஞ்சது. அதுக்குத்தான் இப்ப 25 கிலோமீற்றர் சுரங்கம் வெட்டினவை.

அராலியான்:
மருமகன், சுரங்கம் எங்களுக்கு வேண்டாம். இலங்கைச் சட்டப்படி ஆத்திலை, குளத்திலை விடுற கழிவுநீரின்ரை பிஓடி, அதாவது கழிவைத் தின்ன நுண்ணுயிருக்குத் தேவைப்படுற ஒட்சிசன் அளவு, லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கு மேலை போகக்கூடாது. பவுசர் இழுத்ததைக் கொண்டுபோய்க் கடலோரத்திலை திறந்துவிடுறதை நான் கண்ணாலை கண்டன். அதை ஆர் அளக்கிறது?

மேசன் தம்பி:
அடி சீமெந்து போட்டு மூடின தொட்டி கட்டித்தாறன் எண்டால் ஒருத்தரும் கேக்கினமில்லை. போன கிழமையும் ஒரு அக்கா கேட்டா, "அப்ப அடிக்கடி பவுசர் கூப்பிடவேணுமே தம்பி?" ஓம் அக்கா, கூப்பிடத்தான் வேணும் எண்டன். வேறை மேசன் பாத்திட்டா.