பெர்மாஃப்ராஸ்ட்: ‘நிரந்தர’ வேண்டாமே

வணக்கம்.

ஆண்டுக்கணக்கில் உறைந்தே கிடக்கும் தரையை ஆங்கிலத்தில் பெர்மாஃப்ராஸ்ட் (permafrost) என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘நிரந்தர உறைபனி’ ஏற்கெனவே புழங்குகிறது, அதையே வைத்துக்கொள்ளலாம் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். புழங்கும் சொல்லைச் சட்டென்று தள்ளக்கூடாது, சரி. ஆனால் இதில் இரண்டு பாதியுமே பொருந்தவில்லை.

முதலில் உறைபனி. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி விடியலில் புல்மேல் வெள்ளையாகப் படிந்து, வெயில் ஏறியதும் காணாமல் போகிறதே, அதைத்தான் நாம் உறைபனி என்கிறோம். பெர்மாஃப்ராஸ்ட் பனியே இல்லை, தரை. மண்ணோ சரளையோ பாறையோ, தொடர்ந்து 2 ஆண்டுகளாவது 0 டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழேயோ இருந்தால் அதற்கு இந்தப் பெயர். உள்ளே பனிக்கட்டி இருந்தே ஆகவேண்டும் என்றுகூட இல்லை. அதனால்தான் அது ‘உருகுகிறது’ என்று எழுதுவதும் எனக்கு நெருடுகிறது. உருகுவது உள்ளே இருக்கும் பனிக்கட்டி, தரை இளகுகிறது.

அடுத்து ‘நிரந்தர’. ஆங்கிலத்தில் இதற்கு நெருக்கமான சொற்கள் பல, ஒவ்வொன்றுக்கும் பொருள் வேறு. எடர்னல் என்றால் முடிவே இல்லாதது. பெர்பெச்சுவல், ஓயாமல் தொடர்வது. பெர்சிஸ்டென்ட், போக்கினாலும் எளிதில் போகாதது. க்ரானிக் என்பதற்கு மருத்துவத்தில் ‘நாட்பட்ட’ என்று அழகான சொல் வைத்திருக்கிறோம், சிறுநீரக நோயில் அந்த ‘நாள்’ 3 மாதம்தான். பெரென்னியல், ஆண்டுகளைத் தாண்டி நிற்பது. இத்தனைக்கும் நிரந்தர, நிலையான என்ற இரண்டையே மாற்றி மாற்றிப் போடுகிறோம், வேறுபாடு போய்விடுகிறது. பெர்மாஃப்ராஸ்ட் பெயரில் பெர்மனென்ட் இருந்தாலும் வரையறைப்படி அது பெரென்னியல்தான். ரஷ்ய மொழியிலும் பேச்சுவழக்கில் ‘என்றென்றைக்குமான உறைவு’ என்பார்கள், அறிவியலில் ‘பல ஆண்டு உறைவு’ என்று எழுதுகிறார்கள். சீனத்திலும் ‘பல ஆண்டு உறைமண்’தான்.

ஆகவே என் பரிந்துரை: பல்லாண்டு உறைநிலம். பாறையும் அடங்குவதால் ‘மண்’ வேண்டாம். ‘உறை’ என்றால் தங்குதல் என்றும் பொருள் வருமே என்று கேட்கலாம். பால் உறைந்தது என்றால் யாரும் குழம்புவதில்லை. ‘பல்லாண்டு’ ஏன் என்றால், வடமொழியில் ஒருமை, இருமை, பன்மை என மூன்று உண்டு, தமிழில் ஒன்றைத் தாண்டினாலே பன்மை. 2 ஆண்டில் தொடங்கும் வரையறைக்கு ‘பல்லாண்டு’ அச்சாகப் பொருந்துவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சைபீரியாவின் யாகுத்ஸ்கில் 1828 முதல் 1837 வரை 116 மீட்டர் ஆழம் தோண்டியும் உறைந்த தரை முடியவில்லை, அவ்வளவு ஆழத்துக்கு நெடுங்காலமாக உறைந்த நிலத்துக்கும் இதே சொல் செல்லும், குறையாது. குளிர்காலத்தில் மட்டும் உறைவதைப் ‘பருவ உறைநிலம்’ என்று இணையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அப்புறம், மேலே கோடையில் இளகி மறுபடி உறையும் ஆக்டிவ் லேயர் இருக்கிறதே, அதற்குச் ‘செயல்படு அடுக்கு’ என்பது எதையுமே காட்டவில்லை. ‘இளகடுக்கு’ என்று போடலாமா? வாயில் வருகிறதா என்று சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.