பெட்ரோல் பங்கில் மின்சாரக் காரில் சார்ஜிங் கன்னைச் செருகிய அரை நிமிடத்தில் சார்ஜ் நின்றுவிடுகிறது, வெள்ளிக்கிழமை சென்னை போக வேண்டும்

மஞ்சக்குப்பம் வாசி (புதன், இரவு 9.40)
அனைவருக்கும் வணக்கம். இன்று மாலை கடலூர்–புதுவை சாலையில் கன்னியக்கோயிலுக்கு அருகே ஒரு பெட்ரோல் பங்கில் என் மின்சாரக் காருக்குச் சார்ஜ் போட மூன்று முறை முயன்றேன். கேபிள் முனையில் இருக்கும் கன்னைச் செருகிச் செயலியில் தொடங்கினால் திரையில் ஏதோ ஓடுகிறது, அரை நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறது. பங்க் ஊழியருக்கு ஒன்றும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அம்மாவை எழும்பூர் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வழியில் ஒரு முறையாவது சார்ஜ் போடாமல் என் வண்டி போய்ச் சேராது. என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தவளக்குப்பத்தான் (இரவு 9.52)
ஐயா, எந்த வண்டி, டிசி என்கிற வேகமான சார்ஜரா, வீட்டு மின்சாரம் போன்ற மெதுவான ஏசியா, அப்போது பேட்டரி எத்தனை சதவீதத்தில் இருந்தது, வீட்டில் ஏறுகிறதா, திரையில் வந்த எழுத்து என்ன என்பதையெல்லாம் சொன்னால்தான் யாரும் பதில் சொல்ல முடியும்.

பாகூர் ஏரிக்கரை (இரவு 10.05)
சந்தேகமே வேண்டாம், எர்த் கோளாறுதான். கடலோர மணல் தரையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றிப் பராமரிக்காவிட்டால் இப்படித்தான் நடக்கும். எங்கள் வீட்டு 15 ஆம்பியர் பிளக்கிலும் இதே தொல்லை இருந்தது. எலக்ட்ரீஷியனை அழைத்துப் புதிய எர்த் போட்ட அன்றே சரியாகிவிட்டது.

கெடிலக்கரை (இரவு 10.20)
கன்னைக் கையால் தாங்கிப் பிடித்தீர்களா? டிசி கேபிள் கனமானது. அது கீழே இழுக்கும்போது வண்டியில் கன்னைச் செருகும் வாய்க்குள் அது சற்றுச் சாய்ந்து நிற்கும், பூட்டும் முள் முழுமையாக விழாது. நான் இடது கையால் கேபிளை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, வலது உள்ளங்கையால் கன்னின் பின்புறத்தை அழுத்திக்கொண்டு, 'டக்' என்று பூட்டு விழும் ஓசை கேட்கும்வரை நிற்பேன். யூனிட் ஏறத் தொடங்கிய பிறகே கையை எடுப்பேன். பத்தில் எட்டு முறை இதுவே போதும்.

பழைய மின்பணியாளர் (இரவு 10.48)
இந்தக் குழுவில் நான் எத்தனை முறை எழுதியிருப்பேன்! கோளாறைக் கேட்பதற்கு முன் திரையைப் படம் எடுங்கள் என்ற எளிய பழக்கம் இன்னும் யாருக்கும் வரவில்லை. எர்த் என்று சொன்னவர் வீட்டுப் பிளக்கையும் டிசி சார்ஜரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார். டிசியில் ஒவ்வொரு கட்டமும் வரிசையாக நடக்கும். முதலில் கன் செருகப்பட்டதா என்று பார்க்கும். பிறகு வண்டியும் சார்ஜரும் எவ்வளவு வோல்ட், எவ்வளவு ஆம்பியர் என்று பேசிக்கொள்ளும். அதன்பின் கேபிளில் உயர் மின்னழுத்தம் கொடுத்து எங்காவது கசிவு இருக்கிறதா என்று இன்சுலேஷன் சோதனை நடக்கும். அதில் தேறினால் சார்ஜர் தன் மின்னழுத்தத்தைப் பேட்டரியின் அளவுக்குக் கொண்டுவரும். அப்போதுதான் வண்டிக்குள் இருக்கும் கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்ச் மூடி மின்சாரம் ஓடும். எந்தக் கட்டத்தில் நின்றது என்று தெரியாமல் மருந்து சொல்வது வீண்.

மஞ்சக்குப்பம் வாசி (வியாழன், காலை 6.15)
மன்னிக்கவும், இரவு தூங்கிவிட்டேன். சிறிய கார், பேட்டரி 24 யூனிட். 41 சதவீதம் இருந்தது. டிசி, சிசிஎஸ்2 என்ற வகைக் கன். வீட்டில் இரவு முழுவதும் போட்டதில் இப்போது நூறு சதவீதம் ஏறியிருக்கிறது. நேற்று கன்னைத் தாங்கியும் பார்த்தேன், பயனில்லை. திரையில் 'இன்சுலேஷன்' என்ற சொல் இருந்ததாக நினைவு. அது முக்கியம் என்று எனக்குத் தோன்றவில்லை. வாலட்டில் எடுத்த பணம் திரும்பி வந்துவிட்டது.

தவளக்குப்பத்தான் (காலை 6.40)
அதே பங்கில் இரண்டாவது கன் இருந்ததா? வேறு பங்கில் முயன்றீர்களா? இரண்டு இடத்திலும் ஒரே பிழை வந்தால் கோளாறு வண்டிப் பக்கம், ஓரிடத்தில் மட்டும் வந்தால் சார்ஜர் பக்கம்.

பாகூர் ஏரிக்கரை (காலை 7.02)
இதற்குத்தான் பங்குகளை நம்பக் கூடாது என்கிறேன். ஊழியர் பெட்ரோல் போட வந்தவர், சார்ஜர் வேறொரு நிறுவனத்தினுடையது, கோளாறு வந்தால் நாம் தொலைபேசியில் காத்துக் கிடக்க வேண்டும். டேங்கர் லாரி வந்து எரிபொருள் இறக்கினால் வண்டியை எடுக்கச் சொல்கிறார்கள். ஹோட்டலிலோ பெரிய கடையிலோ போட்டுவிட்டுச் சாப்பிடலாம், பொருள் வாங்கலாம்.

கெடிலக்கரை (காலை 7.25)
நண்பரே, கடைகளில் பெரும்பாலும் இருப்பது ஏசி. அங்கே 7.2 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும், வண்டிக்குள் ஏசியை டிசியாக மாற்றும் சார்ஜர் 3.3 கிலோவாட் என்றால் இரண்டு மணி நேரத்தில் ஆறரை யூனிட்தான் ஏறும். துணி எடுக்கப் போகிறவருக்கு அது சரி, மருத்துவமனைக்குப் போகிறவருக்கு அது உதவாது. இரவு இரண்டு மணிக்கும் விளக்கும் கழிப்பறையும் ஆளும் இருக்கும் இடம் பங்க்தான். முள்ளோடையிலிருந்து புதுவை வரை பெட்ரோல் விலை குறைவு என்பதால் எத்தனை பங்குகள் வரிசையாக நிற்கின்றன என்று பாருங்கள்! ஒவ்வொன்றிலும் சார்ஜர் வைக்க வேண்டும் என்று அரசு உத்தரவே இருக்கிறது.

பழைய மின்பணியாளர் (காலை 7.50)
அப்படி ஓர் உத்தரவு கிடையாது, அரைகுறையாகப் படித்துவிட்டு எழுத வேண்டாம். 2019 நவம்பர் அறிவிப்பின்படி, புதிதாக எரிபொருள் சில்லறை விற்பனைக்கு அனுமதி பெறும் நிறுவனங்கள் தங்கள் பங்குகளில் சிஎன்ஜி (அழுத்திய இயற்கை எரிவாயு), எல்என்ஜி (திரவ இயற்கை எரிவாயு), உயிரி எரிபொருள், மின்சார சார்ஜர் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை, பங்க் இயங்கத் தொடங்கிய மூன்று ஆண்டுகளுக்குள் வைக்க வேண்டும். ஏதேனும் ஒன்று என்பதைக் கவனியுங்கள். நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் நிலையம் என்பது மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருந்தது.

பாகூர் ஏரிக்கரை (காலை 8.10)
வழிகாட்டுதல் காகிதத்தில் இருந்து என்ன பயன்? சார்ஜிங் சேவைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி வாங்குகிறார்கள். அந்தப் பணத்துக்கு ஒரு கூரையாவது போடக் கூடாதா? மழையில் நனைந்துகொண்டே கன்னைப் பிடிக்கிறோம்.

தவளக்குப்பத்தான் (காலை 8.18)
அவர் அம்மாவைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வழி கேட்டார். கூரையைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

பழைய மின்பணியாளர் (காலை 8.35)
சரி, அவருக்கே நேரடியாகச் சொல்கிறேன். சோதனை இன்சுலேஷன் கட்டத்தில்தான் தோற்றிருக்கிறது. அந்த நேரத்தில் வண்டியின் கான்டாக்டர் திறந்தே இருக்கும். ஆகவே பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டாம். சார்ஜர், கேபிள், கன், வண்டியின் வாய் ஆகியவற்றில்தான் ஈரமோ உப்புப் படிவோ இருக்க வேண்டும். சிசிஎஸ்2 வாயில் மேலே வட்டமாக இருப்பது ஏசிக்கு, கீழே தனி மூடியுடன் இருக்கும் இரண்டு பெரிய துளைகள் டிசிக்கு. வீட்டில் போடும்போது கீழ்ப்பகுதிக்கு வேலையே இல்லாததால் அங்கே தண்ணீர் நின்றாலும் வீட்டுச் சார்ஜ் தடையில்லாமல் ஏறும். வண்டியை அண்மையில் கழுவினீர்களா?

மஞ்சக்குப்பம் வாசி (காலை 9.05)
ஆம் ஐயா. பயணத்துக்காக நேற்றுக் காலைதான் செம்மண்டலத்தில் வாட்டர் சர்வீஸ் செய்தேன். சார்ஜ் மூடியைத் திறந்து உள்ளேயும் பீய்ச்சி அடித்தார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று நினைக்கவில்லை.

பழைய மின்பணியாளர் (காலை 9.20)
இதை முதல் வரியிலேயே எழுதியிருந்தால் எல்லோருடைய நேரமும் மிஞ்சியிருக்கும். நம் பகுதியில் பல இடங்களில் போர்வெல் தண்ணீர் உப்பு. அது காய்ந்தாலும் உப்பு தங்கி, கடற்காற்றின் ஈரத்தை மறுபடி இழுக்கும். வண்டியை அணைத்துவிட்டு, கீழ் மூடியைத் திறந்து, பகல் முழுவதும் காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள். துளைக்குள் குச்சி, கம்பி, துணி எதையும் விடாதீர்கள். வெளிவிளிம்பை மட்டும் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பல வண்டிகளில் வாயின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை இருக்கும், அதில் சேறு அடைத்திருக்கிறதா என்று வெளியிலிருந்து பாருங்கள். மாலையில் வேறு பங்கில் சோதித்துப் பார்க்காமல் சென்னைக்குக் கிளம்ப வேண்டாம். அங்கும் அதே பிழை வந்தால் சர்வீஸ் சென்டரைத் தவிர வேறு வழியில்லை. அம்மாவை ரயிலில் அழைத்துச் செல்லுங்கள்.

கெடிலக்கரை (காலை 9.31)
சோதிக்கப் போகும்போது நூறு சதவீதத்தோடு போகாதீர்கள் ஐயா, சார்ஜ் ஏறாமல் நின்றால் எதனால் நின்றது என்று தெரியாது. சிதம்பரம் பக்கம் ஒரு சுற்று ஓட்டிவிட்டுப் போங்கள்.

மஞ்சக்குப்பம் வாசி (வியாழன், இரவு 8.50)
அரியாங்குப்பத்தில் வேறொரு பங்கில் போட்டேன். ஏறியது. 62இலிருந்து 80 வரை பார்த்துவிட்டு வந்தேன். அனைவருக்கும் நன்றி. காலை நான்கு மணிக்குக் கிளம்புகிறோம்.

பாகூர் ஏரிக்கரை (இரவு 9.15)
மகிழ்ச்சி. நேற்றுப் போட்ட பங்கிலேயே மறுபடி முயன்றீர்களா? அங்கும் ஏறினால்தான் தண்ணீர் காரணம் என்று உறுதியாகும். இல்லையென்றால் அந்தச் சார்ஜரின் எர்த்தை நான் இன்னும் சந்தேகிக்கிறேன்.

தவளக்குப்பத்தான் (சனி, காலை 10.30)
அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது ஐயா? வழியில் எங்கே சார்ஜ் போட்டீர்கள் என்பதையும் எழுதினால், அடுத்த வாரம் அதே சாலையில் போகும் எனக்கு உதவியாக இருக்கும்.