குட்டி விமானம் ஏன் கார் விலைக்கு வருவதில்லை?

ஹெப்பால்_செந்தில்:
பெல்லாரி சாலையில் போகும்போதெல்லாம் ஜக்கூர் பக்கம் இறங்கும் குட்டி விமானங்களைப் பார்க்கிறேன். அலுமினியத் தகடு, ஒரு எஞ்சின், இரண்டு சீட். இதற்கு வீட்டு விலை சொல்கிறார்களே! ஓசூரில் ஸ்கூட்டர் செய்வதுபோல் வரிசையாகச் செய்தால் என்ன?

பீன்யா_தகடு:
தம்பி, தகட்டு விலை பெரிய கணக்கே இல்லை. காசு போவது துளையில். உலோக விமானத்தில் ரிவெட், அதாவது தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணி, ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் துளை போட்டு, பிசிறு எடுத்து, ரிவெட் தலை தகட்டோடு சமமாக உட்கார ஓரத்தைக் குழிக்கணும். அப்புறம் ஒருவர் ரிவெட்டை அடிக்கும் கன் பிடிக்க, இன்னொருவர் பின்னால் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்கணும். பிசிறை விட்டால் விரிசல் அங்கேதான் தொடங்கும். பிரஸ்ஸில் அடிக்கலாமே என்பாய். நானும் டை, அதாவது பிரஸ்ஸில் தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு, போடுகிறவன்தான். லட்சம் கார் கதவு அடித்தால்தான் டை போட்ட காசு திரும்பும். வருஷத்துக்கு நூறு விமானம் விற்பவன் எங்கே போவான்?

அமெரிக்காவின் வான்ஸ் ஏர்கிராஃப்ட் கம்பெனி பிடித்த வழி எனக்குப் பிடிக்கும். துளைகளை சிஎன்சி பஞ்சில், அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் துளை மெஷினில், முன்னமே அடித்து, பூட்டாத பாகங்களின் கிட்டாக அனுப்பிவிடுகிறார்கள். துளைக்குத் துளை பொருந்துவதால் பாகங்களை இடம் பிசகாமல் பிடித்து வைக்கும் பெரிய ஜிக் வேண்டாம். பூட்டும் கூலி? அது வாங்கியவன் பாடு! ஆனால் ஆர்டர் குவிந்தபோது சில பாகங்களை லேசரில் வெட்டினார்கள். துளையோரம் விரிசல் விட்டது. அதுவும் மற்ற நஷ்டங்களும் சேர்ந்து 2023 டிசம்பரில் கடன்காரர்களிடமிருந்து கோர்ட்டில் திவால் பாதுகாப்பு கேட்கும் நிலை வந்தது.

ஃபைபர்_மணி:
அண்ணே, நம்ம ஊர் விமான ஆய்வுக்கூடமான என்ஏஎல்லின் ஹன்சா குட்டி விமானம் கண்ணாடி இழையில் செய்தது, 1993-இலேயே பறந்தது. ரிவெட் தொல்லை குறைவுதான். ஆனால் இழையை மோல்டில் கையால் அடுக்கணும், காற்றுக் குமிழி நிற்கக் கூடாது, இழையை ஒட்டிப் பிடிக்கும் ரெசின் பசை இறுகும்வரை மோல்டு அடைபட்டுக் கிடக்கும்.

ஹெப்பால்_செந்தில்:
சரி, கூலி குறைந்த நாட்டில் செய்தால்?

பீன்யா_தகடு:
அமெரிக்க விமானக் கம்பெனி செஸ்னா செய்து பார்த்ததே. 162 ஸ்கைகேட்சர் என்ற இரண்டு சீட் விமானத்தை சீனாவின் ஷென்யாங்கில் செய்தார்கள். ஆரம்ப விலை 1,09,500 டாலர், பிறகு 1,49,900. 2013-இல் நிறுத்தியே விட்டார்கள்.

மலிவாக வேண்டுமென்றால் பெங்களூரிலேயே ராஜ் ஹம்சா கம்பெனி செய்த எக்ஸ்-ஏர் விமானத்தைப் பார். அலுமினியக் குழாய்ச் சட்டம், மேலே தைத்த துணி உறை, அவ்வளவுதான். வேகம் கேட்காதே, மழையில் வெளியே விடாதே.