கடன் வாங்கிப் படிப்பதா, காத்திருந்து படிப்பதா: ஒரு யாழ்ப்பாணக் கணக்கு

கோண்டாவில் கணக்கர் எழுதியது:

மானிப்பாய்த் தந்தை ஒருவர் இங்கே வைத்த கேள்விக்குப் பலரும் ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். கணக்கை ஒருவரும் போடவில்லை. அவருடைய மகன் உயர்தரக் கணிதப் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்திருக்கிறார். ஆனால் யாழ் மாவட்டத்துக்கான பொறியியல் வெட்டுப்புள்ளியை, அதாவது அனுமதிக்கு வேண்டிய ஆகக்குறைந்த புள்ளியை, அவருடைய இசட் புள்ளி (பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணிக்கும் தரப்புள்ளி) எட்டவில்லை. அடுத்த தடவையும் பரீட்சை எழுதுவதா, கொழும்பில் கட்டணம் செலுத்திப் படிக்கும் பட்டப்படிப்பில் சேர்வதா, காணியை ஈடு வைத்து இங்கிலாந்துக்குப் போவதா என்பதே கேள்வி.

கடன் வாங்கிப் பெறுகிற பட்டம், முதற் பத்தாண்டுச் சம்பளத்துக்குள் அந்தக் கடனை அடைத்துத் தரவேண்டும் என்பது என் நிலைப்பாடு. அந்த அளவுகோலில் அரச பல்கலைக்கழகமே முதலில் நிற்கிறது. 1945 இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில் தொடங்கிய இலவசக் கல்வியால் அங்கே பாடநெறிக் கட்டணம் இல்லை. தகுதிபெறும் மாணவருக்கு மாதம் 5,000 ரூபாவாக இருந்த மகாபொல உதவித்தொகையும் 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ஆக்கப்பட்டது. இரண்டாவதாக நான் வைப்பது 2017 இல் தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடன். அரச சாராத நிறுவனங்களில் அங்கீகாரம் பெற்ற பட்டப்படிப்புகளுக்கு, கட்டணமாக 8 லட்சம் ரூபா வரை கொடுத்து அது தொடங்கியது. வட்டியை அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது. 2022 செப்ரெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கிய நாட்டில், வட்டியில்லாமல் ரூபாவில் வாங்கிய கடன் தானாகவே தேய்ந்துவிடும். அந்த ஆண்டுக்கு முன்னர் கையெழுத்திட்ட மாணவர்கள் இன்று திருப்பிச் செலுத்துகிற 8 லட்சம், அவர்கள் வாங்கிய 8 லட்சம் அல்ல.

வெளிநாட்டைக் கடைசியில் வைக்கிறேன்.

வடமராட்சியான் எழுதியது:

கணக்கர் ஐயா, கட்டணம் இல்லாததைச் செலவே இல்லாததாக எழுதியிருக்கிறீர்கள். 2022 ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் நடந்தது. பெறுபேறு அந்த ஆண்டு செப்ரெம்பரில்தான் வந்தது. அதன் பிறகு வெட்டுப்புள்ளிக்கும் அனுமதிக் கடிதத்துக்கும் தொடக்க நாளுக்கும் காத்திருந்து, பணிப்புறக்கணிப்புகளால் நீண்ட பருவங்களையும் கடந்து வெளியே வரும்போது அந்தப் பிள்ளைக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயதாகிவிடுகிறது. இருபத்து மூன்றில் உழைக்கத் தொடங்கியிருக்கக்கூடிய ஒருவர் இழக்கிற சம்பளம் உங்கள் கணக்கில் எந்த நிரலில் இருக்கிறது?

வந்த பிறகு கிடைப்பது என்ன என்பதையும் சொல்லுங்கள். 2017 இல் யாழ் மாவட்டச் செயலகத்தின் முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் அமர்ந்திருந்ததை இங்கே எல்லோரும் கண்டோம். 2020 இல் அரசாங்கம் பட்டதாரிகளைப் பயிலுநர்களாக உள்வாங்கியபோது கொடுத்த மாதக் கொடுப்பனவு 20,000 ரூபா. கடனில்லாத பட்டம் என்று பெருமைப்பட்டுக்கொண்டு, அலுவலகமொன்றில் நாற்காலி கூட ஒதுக்கப்படாமல் இருந்தவர்களை நான் அறிவேன். அந்த நிலைக்கு, கடனோடு உழைக்கிற நிலை எவ்வளவோ மேல்.

கோண்டாவில் கணக்கர் எழுதியது:

காத்திருந்த ஆண்டுகளுக்கு ஒரு நிரல் வேண்டும் என்பது நியாயம். ஆனால் அந்த நிரலில் விழுகிற தொகை, இருபத்து மூன்று வயதில் பட்டமில்லாத ஒருவருக்கு யாழ்ப்பாணத்தில் உண்மையில் கிடைக்கிற சம்பளமாக இருக்கவேண்டும். ரொறன்ரோவில் கிடைக்கிற சம்பளமாக அல்ல. அப்படி எழுதினால் அது நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பெரிதாக வராது.

கொக்குவில் ஆசிரியை எழுதியது:

இருவரும் ‘பட்டம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதால்தான் விவாதம் நகரவில்லை. மருத்துவம், பொறியியல், கணினி ஆகியவற்றில் அரச பல்கலைக்கழகத்தில் கிடைக்கும் இடம் ஒன்று. கலைப்பீடத்தில் கிடைக்கும் இடம் வேறொன்று. கட்டணம் இரண்டுக்கும் பூச்சியந்தான். மாவட்டச் செயலகத்தின் முன்னால் அமர்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் பொறியியலாளர்கள் என்று வடமராட்சியான் எண்ணிப் பார்த்தாரா?

கடன் பல்கலைக்கழக வாசலில் தொடங்குவதும் இல்லை. தரம் 10 இலிருந்தே ரியூசன் நிலையங்களுக்கு மாதாமாதம் போகிற காசு, தாயின் சங்கிலியை அடைவு வைத்தோ, சீட்டை முன்கூட்டியே கழித்து எடுத்தோதான் பல வீடுகளில் வருகிறது. அரச பல்கலைக்கழகங்களின் மொத்த இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறபோது, யாழ்ப்பாணத்துப் பிள்ளை போட்டி போடுவது பெரும்பாலும் பக்கத்து மேசைப் பிள்ளையோடுதான். அதனால் ரியூசன் செலவு குறையப்போவதும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இது சிலருக்குக் கசக்கலாம். மகனின் வெளிநாட்டுப் படிப்புக்காக ஈடு வைக்கப்படுவது, என் அனுபவத்தில், பல வீடுகளில் மகளுக்கென்று ஒதுக்கிய சீதனக் காணிதான். கடன் வாங்குகிறவர் ஒருவர், பட்டம் பெறுகிறவர் ஒருவர், கடன் அடையாமல் போனால் இழக்கிறவர் மூன்றாமவர். இவர்களை ஒரே ஆளாக வைத்துக் கணக்குப் போட்டால் இலாபம் வரத்தான் செய்யும்.

ஹரோ வாசி எழுதியது:

இங்கிலாந்தைப் பற்றிய இலக்கங்கள் இல்லாமல் இந்த விவாதம் நடப்பதால் சிலவற்றைத் தருகிறேன். இங்கு வதிவிட உரிமையுள்ள மாணவருக்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகக் கட்டணத்தின் உச்சவரம்பு 2025/26 கல்வியாண்டுக்கு 9,535 ஸ்ரேர்லிங் பவுண். அதற்கு அரச கடன் கிடைக்கும். 2023 முதல் படிப்பைத் தொடங்கியவர்கள் ஆண்டுக்கு 25,000 பவுணுக்கு மேல் உழைக்கிற பகுதியில் மட்டும் 9 வீதம் செலுத்துவார்கள். 40 ஆண்டுகளில் எஞ்சியது தள்ளுபடியாகிவிடும். இங்கே பிறந்த மருமக்களைக் காட்டி ‘லண்டனில் கடன் வாங்கித்தான் எல்லோரும் படிக்கிறார்கள்’ என்று ஊரில் சொல்கிறவர்கள் குறிப்பிடுவது இந்தக் கடனைத்தான். மாணவர் விசாவில் வருகிற பிள்ளைக்கு இதில் ஒரு பென்ஸ் கூடக் கிடையாது.

அந்தப் பிள்ளைக்குக் கட்டணத்தில் உச்சவரம்பும் இல்லை. பல்கலைக்கழகம் கேட்பதுதான் கட்டணம். குறைத்து 15,000 என்று வைத்துக்கொண்டாலும், லண்டனுக்கு வெளியே ஒன்பது மாத வாழ்க்கைச் செலவுக்கு 10,000 பவுணுக்கு மேல் வங்கியில் 28 நாட்கள் தொடர்ந்து இருந்ததாகக் காட்டவேண்டும். ஒரு பவுணை 400 ரூபாவாகக் கணித்தால் முதலாண்டுக்கு மட்டும் ஒரு கோடி ரூபா. ‘காசு காட்டுவதற்காக’ அந்த 28 நாட்களுக்கும் வட்டி கொடுத்து வாங்குகிற பணம், வந்திறங்கியதும் திரும்பிப் போய்விடுகிறது. வாடகைக்கு அது உதவாது. இதைத் தவிர ஆண்டுக்கு 776 பவுண் சுகாதாரக் கட்டணமும் உண்டு. பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலங்களுக்கு மேல் வேலை செய்ய அனுமதி இல்லை.

வடமராட்சியான் எழுதியது:

கட்டணத்தைப் பவுணில் சொன்னீர்கள், வருமானத்தையும் பவுணில் சொல்லுங்கள். 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனபோது, ஊரில் ரூபாவில் கடன்பட்டுவிட்டு வெளியே உழைத்துக்கொண்டிருந்தவர்களின் கடன் ஏறக்குறையப் பாதியாகியது. எங்கள் ஒழுங்கையில் அந்த ஆண்டு ஈட்டிலிருந்து மீட்கப்பட்ட காணி உறுதிகள் ஒன்றிரண்டு அல்ல. கணக்கர் ஐயா வட்டியில்லாக் கடனுக்குச் சொன்ன தேய்மானத்தை வெளிநாட்டுக் கடனுக்கு மட்டும் ஏன் சொல்லாமல் விட்டார்?

கோண்டாவில் கணக்கர் எழுதியது:

அதே 2022 இல் படிப்பின் நடுவில் இருந்தவர்களையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அவர்களுக்குக் கட்டணம் பவுணில் இருந்தது, பெற்றோரின் கையில் இருந்தது ரூபா. இரண்டாமாண்டுக் கட்டணத்துக்காக இரண்டாவது காணியும் போன வீடுகளை நான் என் தொழிலில் கண்டேன். ரூபா விழுந்தது எல்லோருக்கும் ஒன்றுதான்; விழுந்த நாளில் உழைத்துக்கொண்டிருந்தவர் தப்பினார், படித்துக்கொண்டிருந்தவர் அகப்பட்டார். அடுத்த வீழ்ச்சி எந்த ஆண்டில் வரும் என்று தெரிந்தவர் இருந்தால், அவர் மகனை எங்கும் அனுப்பத் தேவையில்லை.

ஹரோ வாசி எழுதியது:

வருமானத்தைக் கேட்டீர்கள். பட்டத்துக்குப் பிறகு வேலை தேடத் தருகிற விசா இப்போது இரண்டு ஆண்டுகள். 2027 தொடக்கத்திலிருந்து விண்ணப்பிக்கிறவர்களுக்கு அது 18 மாதங்களாகக் குறைகிறது. அதற்குள் திறன்சார் தொழிலாளர் விசாவுக்குப் போகவேண்டும். அதன் பொதுச் சம்பள வரம்பு 2025 ஜூலையில் 41,700 பவுணாக்கப்பட்டது. புதிதாகப் பட்டம் முடித்தவர்களுக்குக் குறைந்த வரம்பு ஒன்று உண்டென்றாலும், களஞ்சியசாலையிலும் கடையிலும் கிடைக்கிற சம்பளம் அந்தக் குறைந்த வரம்பையும் தொடாது. வேலை கிடைக்கிறதா என்பதோடு கேள்வி முடிவதில்லை. விசாவைத் தாங்குகிற சம்பளத்தில் கிடைக்கிறதா என்பதே கேள்வி. கிடைத்தவர்களுக்கு வடமராட்சியான் சொல்வது முழுவதும் பொருந்தும், அதை நான் மறுக்கவில்லை. கிடைக்காதவர்கள் ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது அதைச் சொல்வதில்லை.

புள்ளிவிபரப் பட்டதாரி எழுதியது:

ஹரோ வாசியின் கடைசி வரியில் இருப்பதுதான் புள்ளிவிபரத்தின் பழைய சிக்கல். பதில் சொல்கிறவர்களை மட்டும் எண்ணுவோமானால் சராசரி எப்போதும் அழகாக இருக்கும்.

அமெரிக்கக் கல்வித் திணைக்களம் 2015 இலிருந்து கல்லூரி வாரியாகக் கட்டணம், கடன், படித்தவர்களின் வருமானம் ஆகிய மூன்றையும் பொதுமக்கள் பார்க்கக்கூடியதாக வெளியிடுகிறது. நல்ல முயற்சி, ஆயினும் அங்குகூட வருமானக் கணக்கில் சேர்கிறவர்கள் மத்திய அரசின் கல்வி உதவி பெற்றவர்கள் மட்டுமே. சொந்தக் காசில் படித்தவர்கள் அதில் இல்லை. அங்கே வெளியிடப்படுவது சராசரி அல்ல, இடைநிலை வருமானம்; எல்லோரையும் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கிறவரின் வருமானம். நம்முடைய நாட்டிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு: 2019 வீட்டு வருமானக் கணக்கெடுப்பில் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா, இடைநிலை 53,333 ரூபா. நடுவில் நிற்கிற குடும்பத்துக்கு 23,000 ரூபாவை இல்லாமலே கூட்டிச் சொல்கிறது சராசரி. ‘வெளிநாடு போனவர்கள் மாதம் இவ்வளவு அனுப்புகிறார்கள்’ என்று முகவர்கள் சொல்வது சராசரி கூட அல்ல, உச்சம்.

யாழ் பல்கலைக்கழகம் 1974 இல் வளாகமாகத் தொடங்கியது. இத்தனை ஆண்டுப் பட்டதாரிகளின் இடைநிலைச் சம்பளத்தைப் பீடவாரியாக ஒரு தாளில் வெளியிட்டால், இந்தத் திரியில் பாதி தேவைப்பட்டிருக்காது.

கோண்டாவில் கணக்கர் எழுதியது:

வெளியிடட்டும், வரவேற்கிறேன். ஆனால் சம்பளத்தை எண்ணிவிடலாம். நம் ஊரின் கல்விக் கடனை எந்தத் திணைக்களத்தாலும் எண்ண முடியாது. அமெரிக்காவில் அது அரசின் பதிவேட்டில் இருக்கிறது. தமிழ்நாட்டு மாணவருக்கு ஏழரை லட்சம் இந்திய ரூபா வரை சொத்துப் பிணை இல்லாமல் வங்கி கொடுப்பதால் அங்கும் அது பதிவில் இருக்கிறது. இந்தியக் குடியுரிமை இல்லாத நம் பிள்ளைகளுக்கு அந்தக் கடன் கிடைக்காது என்பதையும் ‘சென்னையில் படிப்பு மலிவு’ என்று எழுதுகிறவர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும். இங்கே கடன் இருப்பது அடைவுகடைச் சிட்டையிலும், நொத்தாரிசு எழுதிய ஈட்டு உறுதியிலும், கனடாவிலுள்ள பெரியப்பாவின் வாய்ச்சொல்லிலும். இந்த மூன்றும் எந்த அறிக்கையிலும் ஏறாது. ஏறாத கடனைக் கணக்கில் எடுக்காமல் வருமானத்தை மட்டும் பிரதேசவாரியாக ஒப்பிட்டால், அதிகம் கடன்பட்ட கிராமமே அதிகம் முன்னேறிய கிராமமாகத் தெரியும்.

கொக்குவில் ஆசிரியை எழுதியது:

இதுவரை ஒருவரும் தொடாத ஒரு வழி குருநகரில் இருக்கிறது. அங்குள்ள உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில் முழுநேர உயர் தேசிய டிப்ளோமாவுக்குக் கட்டணம் இல்லை. கிளிநொச்சியில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. பட்டம் என்ற சொல் இல்லாததால் இவற்றைச் சொல்லும்போதே பெற்றோர் முகத்தைத் திருப்புகிறார்கள். அதே பெற்றோர், வீட்டுக்கு வருகிற மின்னியலாளரின் ஒருநாட் கூலியை 25 ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டு, 2025 இல்தான் 40,000 ரூபாவாக உயர்த்த முடிவான அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தோடு ஒப்பிடட்டும்.

மானிப்பாய்த் தந்தை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நான் முதலில் சொல்லாமல் விட்ட ஒரு விபரம் இருக்கிறது. காணி என் மனைவியின் பெயரில் இருக்கிறது; உறுதியில் மாமியாரின் சீவிய உரித்தும் (உயிரோடிருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை) இருக்கிறது. வங்கி அதை ஏற்கவில்லை. தனியாரிடம் மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்குக் கிடைக்கும் என்கிறார்கள்.

கோண்டாவில் கணக்கர் எழுதியது:

ஐயா, 40 லட்சத்தை மட்டும் அப்படி எடுத்தால் மாத வட்டி ஒரு லட்சத்து இருபதாயிரம். மூன்று வருடப் படிப்பு முடியும்போது வாங்கிய முதல் தொகையில் ஒரு ரூபாவும் குறையாமல் வட்டி மட்டும் 43 லட்சத்தைத் தாண்டிவிடும். ஹரோ வாசி சொன்ன தொகையில் அந்த 40 லட்சம் முதலாண்டுக்கே பாதிகூட இல்லை.

வடமராட்சியான் எழுதியது:

அந்த வட்டிக்கு எடுக்கச் சொல்லி நானும் சொல்லமாட்டேன். ஆனால் வெளியே போகிற வழி கடன் ஒன்றுதான் என்றும் முடித்துவிடாதீர்கள். இந்திய அரசு இலங்கை மாணவருக்குக் கொடுக்கிற நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசிலில் கட்டணமும் மாதக் கொடுப்பனவும் அடங்கும். யாழ்ப்பாணத்திலுள்ள துணைத்தூதரகத்தில் விசாரித்து, மகனின் பெறுபேற்றுத் தாளின் பிரதியை இப்போதே உறுதிப்படுத்தி வைத்துக்கொள்ளுங்கள். அறிவித்தல் வந்த பிறகு பத்திரங்களைத் தேடினால் காலம் போதாது. காணி உறுதியை அங்கே எவரும் கேட்கமாட்டார்கள்.