ஃபேஸ் இன்வெர்ட்டர் சமமில்லை: வால்வை மாற்றுவதா, ரெசிஸ்டரைப் பார்ப்பதா?

உப்புவெளிக்காரன்:
அப்பாவின் பழைய வால்வு அம்பிளிபயர். கடைசியில் ஸ்பீக்கரை ஓட்டும் இரண்டு ஈஎல்84 வால்வு, முன்னால் இரண்டு பாதி கொண்ட ஒரு ஈசிசி83 வால்வு. அதன் ஒரு பாதி சிக்னலைப் பெருக்குகிறது. மறுபாதிதான் ஃபேஸ் இன்வெர்ட்டர்: சிக்னலை ஒன்றுக்கொன்று தலைகீழான இரண்டாக்கி ஆளுக்கொரு ஈஎல்84க்குக் கொடுக்கும் பகுதி. அதன் மேல் முனையான அனோடில் 100 கே (கிலோஓம்) ரெசிஸ்டர், கீழ் முனையான கதோடில் இன்னொரு 100 கே. சத்தம் கூட்டினால் கரகரப்பு, கூடவே ஒரு ஹம். போனில் 400 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, ஈஎல்84களின் 2ஆம் காலில் (சிக்னல் நுழையும் கிரிட்) அப்பாவின் ஊசி மீட்டரால் அளந்தேன். அனோட் பக்கம் 3.3 வோல்ட், கதோட் பக்கம் 5.8. ஈசிசி83 போய்விட்டதா?

உவர்மலைச் சவுண்ட்:
போய்விட்டது தம்பி, மாற்றுங்கள். காளி கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டிய காலத்திலிருந்து இதைத்தான் செய்கிறோம். ஒரு பக்கம் சோர்ந்தால் முதலில் வால்வு.

நிலாவெளி ஓம்:
அண்ணே, இந்த வகையில் அது பொருந்தாது. அனோட் ரெசிஸ்டரிலும் கதோட் ரெசிஸ்டரிலும் ஓடுவது ஒரே கரண்ட். கிரிட் கரண்ட் ஓடாதவரை, வால்வு கிழடானால் இரண்டு பக்கமும் சேர்ந்துதான் குறையும். வித்தியாசம் வந்தால் சுமையில்தான் கோளாறு. இங்கே முதல் சுமை அந்த ஊசி மீட்டர்! ஏசி 10 வோல்ட் அளவில் அது 80 கிலோஓம் சொச்சம்தான் இருக்கும். அனோடில் வைத்தால் சிக்னல் பாதியாகிவிடும், கதோடில் வைத்தால் பெரிதாக அசையாது. டிஜிட்டல் மீட்டரில் பாருங்கள்.

உவர்மலைச் சவுண்ட்:
நான் கண்ட பெரிய செட்களில் ஒரு பாதி சோர்ந்தால் சமநிலை போகத்தான் செய்தது.

நிலாவெளி ஓம்:
அவை லாங் டெயில் வகை. முழு வால்வும் இன்வெர்ட்டருக்கே. அங்கே நீங்கள் சொல்வது ஓரளவு சரி. அங்கே 82 கே, 100 கே என்று வேண்டுமென்றே வேறு வேறாக வைப்பார்கள். அதைப் பிழை என்று நினைத்துச் சமமாக்கிக் கெடுத்தவர்களும் உண்டு.

உப்புவெளிக்காரன்:
டிஜிட்டலில் கதை தலைகீழ். அனோட் 7.3, கதோட் 6.0!

நிலாவெளி ஓம்:
அப்போ அனோட் ரெசிஸ்டரின் மதிப்பு ஏறியிருக்கிறது; ஒரே கரண்ட் ஓடினாலும் ஓம் கூடிய பக்கம் வோல்ட் கூடும். கடலோர வீடு, பழைய கார்பன் ரெசிஸ்டர்; ஈரம் குடித்து மேலேதான் போகும். பிளக்கைக் கழற்றி, ஃபில்டர் கபாசிட்டரில் நிற்கும் மின்சாரத்தை ஒரு ரெசிஸ்டர் வைத்து இறக்கிவிட்டு அளந்து பாருங்கள். பிளக் கழன்றாலும் 300 வோல்ட் உள்ளே நிற்கலாம், விளையாட வேண்டாம். சிக்னலை மட்டும் ஈஎல்84க்கு விட்டு டிசியைத் தடுக்கும் கப்ளிங் கபாசிட்டரும் கசிகிறதா என்று பாருங்கள்: பிறகு சிக்னல் இல்லாமல் செட்டைப் போட்டால் ஈஎல்84இன் 2ஆம் காலில் டிசி பூஜ்யமாக இருக்க வேண்டும்.

கன்னியா கிதார்:
ஏன் திருத்த வேண்டும்? சமமில்லாவிட்டால் இரண்டாம் ஹார்மோனிக் (சுரத்தின் இரு மடங்கு அதிர்வெண்) அழியாமல் நிற்கும். அந்தச் சூட்டுக்குத்தானே வால்வு செட் தேடுகிறோம்?

நிலாவெளி ஓம்:
கிதாருக்குச் சரி. இதில் அப்பாவின் நாதஸ்வரத் தட்டுகள் ஓடும். ஒரு ஈஎல்84 முந்திக்கொண்டு சிக்னலின் உச்சியை வெட்டுவதற்குப் பெயர் சூடு இல்லை.

உப்புவெளிக்காரன்:
அனோட் ரெசிஸ்டர் 128 கே! டிசி பூஜ்யம். இரண்டையும் 100 கே மெட்டல் ஃபிலிமாக மாற்றினேன். இப்போது 6.6, 6.5. கரகரப்பு போனது. ஹம் போகவில்லை. போன் ஆப்பில் 50 ஹெர்ட்ஸ் காட்டுகிறது.

உவர்மலைச் சவுண்ட்:
50 என்றால் ஹீட்டர், வால்வைச் சூடாக்கும் இழை. ரெக்டிஃபயர் ஹம் 100 அல்லவா? உங்கள் இன்வெர்ட்டர் கதோட் எத்தனை வோல்ட்டில் நிற்கிறது?

உப்புவெளிக்காரன்:
80.

உவர்மலைச் சவுண்ட்:
ஹீட்டர் நிலத்தோடு (0 வோல்ட்), கதோட் 80இல். நடுவில் கசிகிறது. என்னிடம் ஒரு ஈசிசி83 கிடக்கிறது, பின்னேரம் வந்து எடுங்கள்.

உப்புவெளிக்காரன்:
போட்டேன். ஹம் இல்லை!

உவர்மலைச் சவுண்ட்:
வால்வை மாற்றச் சொன்னது யார்?

நிலாவெளி ஓம்:
சமநிலைக்குச் சொன்னீர்கள் அண்ணே, ஹம்முக்கு இல்லை. தம்பி, பழைய வால்வை எறிய வேண்டாம். கதோட் நிலத்தை ஒட்டியிருக்கும் இடத்தில் அது இன்னும் ஓடும்.