'நேற்று என்ன சாப்பிட்டாய்?' என்று வகுப்பில் கேட்கலாமா?

கரிசல் டீச்சர்:
ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். அரசு நடுநிலைப் பள்ளி, 31 பிள்ளைகள். 'உடல் நலமும் சுகாதாரமும்' பாடத்தைப் போன வருடம் சார்ட் ஒட்டி நடத்தியதில் யார் மண்டையிலும் ஒன்றும் ஏறவில்லை என்பதால், இந்த முறை முந்தின நாள் காலையிலிருந்து ராத்திரி வரை சாப்பிட்டதை எழுதி, எழுந்து நின்று வாசிக்கச் சொன்னேன். நாலாவதாக எழுந்த பையன் பூரி, பிரியாணி, சிக்கன் என்று அடுக்கினான். பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "டேய், உங்க வீட்ல நேத்து அடுப்பே பத்த வைக்கலையே." வகுப்பே சிரித்தது, அவன் உட்கார்ந்துவிட்டான். அதற்கு மேல் என்னால் பாடம் நடத்த முடியவில்லை. வியாழக்கிழமை அதே பாடத்தை மறுபடி எடுக்கிறேன், 40 நிமிடம். எதை மாற்றுவது?

நெல்லைத் தம்பி:
கோபித்துக்கொள்ளாதீர்கள் டீச்சர், அந்தக் கேள்வியையே தூக்கி எறியுங்கள். வீட்டில் என்ன வெந்தது என்பது பள்ளிக்கூடத்துக்கு வேண்டாத சமாச்சாரம். நானும் அந்தப் பையன் மாதிரி பொய் எழுதினவன்தான், எங்கள் வீட்டில் ராத்திரி வெறும் கஞ்சி, நோட்டில் சப்பாத்தி குருமா. டீச்சர் 'வெரி குட்' போட்டார்.

சயின்ஸ் வாத்தியார்:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் தம்பி. கேட்டது தப்பில்லை, எழுந்து நின்று வாசிக்கச் சொன்னதுதான் தப்பு. பெயர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதி டப்பாவில் போடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து, எத்தனை பேர் கீரை சாப்பிட்டார்கள், எத்தனை பேர் காலையில் ஒன்றுமே சாப்பிடவில்லை என்று கரும்பலகையில் கோடு போட்டு எண்ணலாம். சாப்பாட்டை விட்டுவிட்டு ஊட்டச்சத்துப் பாடம் நடத்துவது தண்ணியில்லாமல் நீச்சல் சொல்லிக் கொடுக்கிற கதை.

நெல்லைத் தம்பி:
31 பேர் வகுப்பில் யார் கையெழுத்து யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும் சார். சாப்பாடுதான் வேண்டுமென்றால் சத்துணவுத் தட்டு இருக்கிறதே, அதை நடுவில் வையுங்கள். சோறு, குழம்பு, காய், முட்டை. எது மாவுச்சத்து, எது புரதம், எதில் கொழுப்பு என்று அதிலேயே எல்லாம் இருக்கிறது, யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

ரெண்டு பேருக்கு அம்மா:
யாரும் வெட்கப்பட வேண்டியதில்லையா? என் மகள் படிக்கிற வகுப்பில் பாதிப் பேர் டப்பா கொண்டு போகிறார்கள், மீதிப் பேர்தான் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். அந்தத் தட்டைப் பாடமாக வைத்தாலும் யாருடைய தட்டு என்று தெரிந்துதான் போகும். என் கோபம் வேறு. போன மாதம் இந்தப் பாடம் முடிந்து வீட்டுக்கு வந்தவள், "அம்மா, நீ தர்றது சரிவிகித உணவே இல்லை" என்றாள். சார்ட்டில் ஆப்பிள், திராட்சை, ஒரு டம்ளர் பால். ஆறு மணிக்குக் கம்பெனி வண்டி ஏறுகிற நான் என்ன செய்ய? கொய்யாவிலும் நெல்லிக்காயிலும் ஆப்பிளைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிறது என்று அந்த சார்ட் ஏன் சொல்லவில்லை?

பழையசோறு:
அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு. நம் பழைய சோற்றையே பாடமாக வைக்கலாம். 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராம் இருக்கும் இரும்புச்சத்து ராத்திரி ஊறினால் 73.91 ஆகிவிடுகிறதாம். டானிக் எதற்கு?

சயின்ஸ் வாத்தியார்:
ஐயா சாமி, இந்த வாட்ஸ்அப் கணக்கை வகுப்புக்குள் விட்டுவிடாதீர்கள். இரும்பு ஒரு தனிமம். விடிய விடிய ஊறினாலும் சோற்றுக்குள் புதிதாகப் பிறக்காது. இரும்பை உடம்பு எடுக்கவிடாமல் பிடித்துவைக்கிற பைட்டேட் என்ற பொருள் புளிக்கும்போது கொஞ்சம் உடைவதால், ஏற்கெனவே இருக்கிற இரும்பை உடம்பு கூடுதலாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது, அவ்வளவுதான். நானும் பழைய சோறு சாப்பிடுகிறவன்தான், சின்ன வெங்காயத்தோடு. அதற்காக 73 என்று பிள்ளைகளிடம் சொல்ல மாட்டேன்.

பழையசோறு:
சரி, எண்ணை விட்டுவிடுகிறேன். சோற்றை விடமாட்டேன்.

ஓய்வுபெற்ற ஹெச்.எம்.:
எல்லாரும் நல்ல மனசோடு பேசுகிறீர்கள். பரீட்சையில் கேட்பது எந்த வைட்டமின் குறைந்தால் எந்த நோய் என்பதுதான்: வைட்டமின் ஏ மாலைக்கண், பி1 பெரிபெரி (நரம்புத் தளர்ச்சி), சி ஸ்கர்வி (ஈறில் ரத்தம்), டி ரிக்கெட்ஸ் (எலும்பு வளைவு). பொருத்துக. 40 நிமிடத்தில் தட்டும் சீட்டும் வைத்து விளையாடினால் அந்த அட்டவணையை யார் முடிப்பது? 34 வருடம் சார்ட்டில்தான் நடத்தினேன், பிள்ளைகள் பாஸ் ஆனார்கள்.

சயின்ஸ் வாத்தியார்:
பாஸ் ஆனார்கள் சார், மறுக்கவில்லை. ஆனால் பெரிபெரியை இப்படிச் சொல்லிப் பாருங்கள். 1890களில் ஜாவாவில் எய்க்மான் என்ற டாக்டரின் கோழிகளுக்குப் பெரிபெரி மாதிரியே கால் துவண்டுபோனது. ஆஸ்பத்திரியில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைப் போட்டபோது வந்த நோய், தீட்டாத அரிசிக்கு மாற்றியதும் போய்விட்டது. அந்த வேலைக்காக 1929இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கதை மூன்று நிமிடம். அடுத்த கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள்: அப்போ நம் புழுங்கல் அரிசி? நெல்லை வேகவைக்கும்போது தவிட்டில் இருக்கிற பி1 கொஞ்சம் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் தீட்டினாலும் பச்சரிசி அளவுக்கு இழப்பு இல்லை. ஒரு தடவை கேட்டவனுக்கு 'பொருத்துக' பயமே இருக்காது.

ஓய்வுபெற்ற ஹெச்.எம்.:
பி1 ஆச்சு. மீதி வைட்டமின்களுக்கும் கோழி வைத்திருக்கிறீர்களா?

கரிசல் டீச்சர்:
இரண்டு நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்று சொல்ல விட்டுப்போனது. அந்தப் பையன் போன வருடம் வரை எங்கள் பள்ளியிலேயே காலை உணவு சாப்பிட்டவன். அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. தம்பி தங்கைகள் பொங்கல் சாப்பிடுவதைப் பார்த்தபடி இவன் வெறும் வயிற்றோடு ஆறாம் வகுப்புக்குள் வருகிறான். நான் அவனிடம் போய் நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருக்கிறேன்.

அதனால் வீட்டுக் கேள்வி கிடையாது, சீட்டிலும் கிடையாது. வாத்தியார் கோபித்தாலும் சரி. அரிசியை எடுத்துக்கொள்கிறேன். சத்துணவுக் கூடத்தில் ஒரு கைப்பிடி வாங்கி வந்தால் அதில் செறிவூட்டிய அரிசி கலந்திருக்கலாம், நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் அதைப் 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கி எறிகிறார்கள். அது அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அச்சில் வார்த்தது. நசுக்கி, தண்ணீர் கலந்த அயோடின் ஒரு சொட்டு விட்டால் கருநீலம் ஆகும், பிளாஸ்டிக் ஆகாது. பக்கத்தில் உருளைக்கிழங்கு, முட்டை வெள்ளைக்கரு, நிலக்கடலை. கடலையைக் காகிதத்தில் தேய்த்தால் எண்ணெய்க் கறை. அட்டவணை கடைசி பத்து நிமிடம், ஹெச்.எம். சாருக்காக.

ரெண்டு பேருக்கு அம்மா:
பொறுக்கி எறிகிற ஆளில் நானும் ஒருத்தி. தண்ணீரில் மிதந்தால் சந்தேகம் வராதா? நாளைக்கே அயோடின் வாங்குகிறேன். ஆனால் அந்த இரும்பு உடம்பில் ஒட்ட வேண்டுமானால் சாப்பிட்ட கையோடு டீ குடிக்கக் கூடாது, எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் நல்லது என்பதையும் சொல்லுங்கள். செலவில்லாமல் எங்களால் முடிகிற ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள்.

சயின்ஸ் வாத்தியார்:
கோபமில்லை டீச்சர், ஆனால் என் கட்சியை மாற்றிக்கொள்ளவும் இல்லை. எத்தனை பேர் காலையில் சாப்பிடாமல் வருகிறார்கள் என்ற எண்ணிக்கை கையில் இருந்தால்தான் மேலே யாரிடமாவது போய்க் கேட்க முடியும். அதைக் கேட்காமலே விட்டால் யாருக்கு லாபம்?

நெல்லைத் தம்பி:
அந்த எண்ணிக்கையை டீச்சர் தனியாக எடுக்கட்டும் சார், பாடம் என்ற பெயரில் வேண்டாம்.

கரிசல் டீச்சர்:
தனியாக எடுக்கிறேன். இன்னொன்று, அயோடின் பாட்டிலை அந்தப் பையன் கையில் கொடுக்கலாம் என்று நினைத்திருக்கிறேன்.

நெல்லைத் தம்பி:
வேண்டாம் டீச்சர். எதற்குக் கொடுக்கிறீர்கள் என்று அவனுக்குப் புரிந்துவிடும்.

கரிசல் டீச்சர்:
சரி. வரிசை எண்படி கூப்பிடுகிறேன். அவன் 17.