புதுப்பிப்பு: பெட்ரோல் முள் ஏமாற்றியதற்குக் காரணம் கிடைத்துவிட்டது

இன்னும் 60 கி.மீ. ஓடும் என்று காட்டிய கார் திண்டிவனம் தாண்டி பெட்ரோல் இல்லாமல் நின்றுபோனதைப் போன மாதம் எழுதியிருந்தேன். குழந்தையோடு முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றதை இன்னும் மறக்க முடியவில்லை. எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப் கெட்டுப்போயிருக்கும் என்றுதான் பலர் சொன்னீர்கள். இல்லை, பம்ப் நன்றாகவே இருக்கிறது.

நேற்று மெக்கானிக் அண்ணன் பின்சீட்டைத் தூக்கி, டேங்குக்குள் இருந்து மிதவையோடு சேர்ந்த யூனிட்டை வெளியே எடுத்துக் காட்டினார். மிதவை ஏறி இறங்கும்போது அதன் கம்பி ஒரு சின்னத் தடத்தில் உரசிப் போகிறது, அங்கே மின்தடை மாறுவதை வைத்துத்தான் முள் நகர்கிறது. அந்தத் தடத்தில் கால் டேங்குக்குக் கீழே உள்ள பகுதி மட்டும் கறுத்துத் தேய்ந்திருந்தது. மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரை வைத்துக் கம்பியை மெல்ல இறக்கினார், எண் சீராக மாறிக்கொண்டே வந்து அந்த இடத்தில் தாறுமாறாகக் குதித்தது.

இன்னும் எத்தனை கி.மீ. ஓடும் என்று கார் காட்டும் கணக்கும் இந்தப் பெட்ரோல் அளவை, சமீபத்தில் கிடைத்த மைலேஜோடு பெருக்கி வருவதுதான். அளவே தப்பு என்றால் அது எப்படிச் சரியாக வரும்? போதாததற்கு, அன்று சீரான நெடுஞ்சாலை ஓட்டத்துக்குப் பிறகு ஏசியோடு நெரிசலில் வேறு மாட்டியிருந்தோம், அதனால் நெடுஞ்சாலை மைலேஜை வைத்துப் போட்ட கணக்கும் எடுபடவில்லை.

யூனிட்டை மாற்றியாயிற்று. ஆனாலும் டேங்க் நிரப்பும்போதெல்லாம் ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கிவிடுகிறேன், 400 கி.மீ. ஆனதும் முள் எங்கே இருந்தாலும் சரி, பங்க்தான்.